தோல் யாருக்கு?

வான்கோழி நம்முடைய பறவை அல்ல. மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்து ஏளனத்துக்கு ஆளாகும் வான்கோழியை மூதுரையில் மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாம். அதனால் அது நம் தோப்புகளில் என்றைக்கோ திரிந்த பறவை என்ற நினைப்பு நமக்கு உண்டு. ஆனால் இன்று வான்கோழி என்று நாம் அழைக்கும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1500க்குப் பிறகுதான் கடல் தாண்டியது. 1612இல் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த வான்கோழியை ஜஹாங்கீர் வியந்து வியந்து பார்த்து, ஓவியர்களை வரையச் சொல்லியிருக்கிறார். மன்சூர் வரைந்த படம் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகலாயப் பேரரசருக்கே அது கண்டிராத அதிசயம். அப்படியென்றால் மூதுரையின் வான்கோழி எந்தப் பறவை, அந்தப் பாட்டு எந்தக் காலத்தது என்ற கேள்விகளை எங்கள் தமிழ்த்துறைகளில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். இங்கும் தாண்டியே போகிறேன்; எனக்கு வேண்டியது அந்தப் பறவையின் இன்னொரு பெயர்.

வான்கோழியின் பேரினத்துக்கு லின்னேயஸ் 1758இல் வைத்த பெயர் மெலியாகிரிஸ். கிரேக்கர்கள் கினிக்கோழியைக் குறித்த சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வேட்டைக்கதை உண்டு. கலிடோன் நாட்டை நாசம் செய்த காட்டுப்பன்றியைக் கொல்ல வீரர்கள் கூடுகிறார்கள். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண், அட்லாண்டா. பன்றியின் மேல் முதல் அம்பைத் தைத்தவள் அவள்தான். பன்றியைக் கொன்று முடித்த மெலியாகர், முதல் இரத்தம் அவளுடைய அம்பில் வந்தது என்று தோலை அவளுக்குக் கொடுக்கிறான். அவனுடைய தாய்மாமன்களுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கா இந்தத் தோல் என்று பிடுங்கிக்கொள்கிறார்கள். சண்டையில் மாமன்கள் சாகிறார்கள், தம்பிமாரை இழந்த தாயின் கோபத்தில் மெலியாகர் சாகிறான். அழுது ஓயாத அவன் சகோதரிகளைத் தேவதை கினிக்கோழிகளாக்கிவிடுகிறாள். பெண் வேட்டைக்காரி கையிலிருந்து பறிக்கப்பட்ட தோலின் கதை, சுற்றிவளைத்து, அமெரிக்கக் காட்டுப் பறவை ஒன்றின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது.

வடஅமெரிக்காவில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் மக்கள் தேடிப்போகும் இரண்டு உயிர்கள் வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும். இலையுதிர் காலத்தில் மான், வசந்தத்தில் வான்கோழி. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே வழக்கு என்று பழகிவிட்ட நமக்கு இது விநோதமாகத் தோன்றலாம். அங்கே அது உரிமம், பருவம், ஆளுக்கு இத்தனை என்று அரசு கணக்கு வைத்து நடத்தும் குடும்பச் சடங்கு. அப்பா பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் அந்தச் சடங்கு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. அந்தக் கதைக்கு முன்னால் இன்னொரு கதை இருந்தது.

அப்பலாச்சிய மலைகளில் வாழ்ந்த செரோக்கி மக்களிடம் ஜேம்ஸ் மூனி 1887இலிருந்து சேகரித்து 1900இல் வெளியிட்ட கதைகளில் முதன்மையானது கனாட்டி, செலு என்ற இணையரைப் பற்றியது. கனாட்டி வேட்டைக்காரன். செலு என்றால் சோளம். அவன் கொண்டுவரும் இறைச்சியை அவள் ஆற்றங்கரையில் வெட்டிக் கழுவுகிறாள். கழுவிய இரத்தம் ஆற்றில் போகிறது. அந்த இரத்தத்திலிருந்து ஒரு காட்டுச் சிறுவன் எழுந்து வந்து, அவர்களுடைய மகனோடு விளையாடுகிறான்; என்னை ஆற்றில் எறிந்துவிட்டாள் உன் அம்மா என்கிறான். பையன்கள் இருவரும் அப்பாவைப் பின்தொடர்ந்து போய், அவர் ஒரு பாறையைத் தள்ளி ஒரே ஒரு மானை வெளியே விட்டு எய்வதைப் பார்க்கிறார்கள். பிறகு தாங்களே பாறையைத் திறக்க, மான்களும் வான்கோழிகளும் இருந்த எல்லா உயிர்களும் ஓடிப்போய்விடுகின்றன. வேட்டை கடினமானது அன்றிலிருந்துதான். அடுத்து அம்மாவை வேவு பார்க்கிறார்கள். அவள் வயிற்றைத் தடவினால் சோளம் கொட்டுகிறது. இவள் சூனியக்காரி என்று முடிவு செய்து கொல்கிறார்கள். அவள் இரத்தம் விழுந்த இடத்தில் சோளம் முளைக்கிறது.

இந்தக் கதையை ஆணுக்கு மான், பெண்ணுக்குச் சோளம் என்ற வேலைப் பிரிவினைக் கதையாகத்தான் வழக்கமாக வாசிக்கிறார்கள். எனக்கு அந்த ஆற்றங்கரைதான் முக்கியமாகப் படுகிறது. மான் அவன் கொன்றது. அதை இறைச்சியாக்கியவள் அவள். கழுவிய தண்ணீர்தான் பிள்ளையாக எழுகிறது. வேட்டை எங்கே முடிகிறது என்பதைச் செரோக்கிக் கதைசொல்லிகள் அம்பில் நிறுத்தவில்லை.

அந்தச் சமூகத்தில் குலம் தாய்வழி. வீடும் வயலும் பெண்களுடையவை; கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். அவன் வேட்டையாடி வந்த மான் அவள் வீட்டு வாசலில்தான் இறங்கியது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. தோலின் உள்பக்கச் சதையைச் சுரண்ட வேண்டும், ஊறவைத்து மயிரை நீக்க வேண்டும், மானின் மூளையையே குழைத்துத் தேய்த்துத் தேய்த்து மென்மையாக்க வேண்டும், இழுத்துக் கட்டிக் காயவைக்க வேண்டும், கடைசியில் புகையில் காட்ட வேண்டும். ஒரு மானைக் கொல்ல ஒரு நொடி. அதன் தோலை உடுக்கும் பொருளாக்கப் பல நாள்.

ஐரோப்பிய வணிகர்கள் வந்தபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது இந்தத் தோல்தான். ஆண்களின் கால்சட்டைக்கும் கையுறைக்கும் புத்தக அட்டைக்கும் இங்கிலாந்தில் மான்தோல் தேவைப்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட மான்தோல்கள் கப்பலேறின. டாலரை இன்றைக்கும் அமெரிக்கர்கள் பேச்சில் 'பக்' என்கிறார்களே, ஆண்மானைக் குறிக்கும் அந்தச் சொல் இந்தத் தோல் கணக்கிலிருந்து வந்தது என்பார்கள். பதனிட்ட தோலுக்குக் கூடுதல் விலை. அந்தக் கூடுதல் விலை முழுக்கப் பெண்ணின் கைவேலை. ஆனால் வணிகர்கள் துப்பாக்கியையும் ரவையையும் துணியையும் சாராயத்தையும் கடனாகக் கொடுத்தது வேட்டைக்காரனுக்கு. பேரேட்டில் ஏறியதும் அவன் பெயர்தான். தன் வீட்டு வாசலில் இறங்கிய மானைப் பங்கிட்டுக் கொண்டிருந்தவள், யாரோ வாங்கிய கடனை அடைப்பதற்காகத் தோல் சுரண்டுபவளானாள். குளிர்கால வேட்டை நீண்டு போனபோது, தோல் பதனிடுவதற்கென்றே பெண்களையும் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

கடன் தோலால் அடையவில்லை. மான்கள் குறைந்தன, கடன் ஏறியது. 1773இல் அகஸ்டாவில் நடந்த ஒப்பந்தத்தில் கிரீக் மக்களும் செரோக்கி மக்களும் வணிகர் கடனுக்கு ஈடாக 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். 1817இல் நான்யேஹி என்ற மூதாட்டி, வெள்ளையர்கள் நான்சி வார்டு என்று எழுதியவர், செரோக்கிப் பெண்களின் சார்பாகப் பேரவைக்குச் செய்தி அனுப்பினார்: இனி நிலத்தைக் கொடுக்காதீர்கள் என்று. 1838இல் அந்த மக்கள் ராணுவக் காவலில் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். இன்று அந்த மலைகளில் குடும்பமாக மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நிற்கும் மண் இப்படிக் கைமாறியதுதான்.

19ஆம் நூற்றாண்டில் மானும் வான்கோழியும் சந்தைக்காகச் சுடப்பட்டன. ரயில் வந்த பிறகு காட்டுக்கும் நகரத்து உணவு விடுதிக்கும் இடையே ஓரிரு நாள்தான் தூரம். மாசசூசெட்சின் கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் போனது. ஒஹையோவில் 1904க்குள் மானும் இல்லை, வான்கோழியும் இல்லை. 1900 வாக்கில் நாடு முழுவதும் மிஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் 5 லட்சத்துக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள்.

விநோதம் என்னவென்றால், காட்டில் வான்கோழி மறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மேசையில் அது தேசியப் பறவையாகிக்கொண்டிருந்தது. அதைச் செய்தவர் ஒரு பெண் பத்திரிகையாசிரியர். ஐந்து குழந்தைகளோடு கணவனை இழந்து, வாழ்நாள் முழுக்கக் கறுப்புடை உடுத்திய சாரா ஜோசஃபா ஹேல். 1827இல் எழுதிய நாவலிலேயே தேங்க்ஸ்கிவிங் விருந்தின் தலைமை இடத்தில் வறுத்த வான்கோழியை வைத்தவர். நாடு முழுவதும் ஒரே நாளில் அதைக் கொண்டாட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் தலையங்கம் எழுதினார், ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் கடிதம் போட்டார்; உள்நாட்டுப் போருக்கு நடுவே, 1863இல், லிங்கன் இசைந்தார். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டாம் என்றும் இதே ஹேல்தான் எழுதினார். வாக்குச்சாவடி வேண்டாம், சமையலறை போதும் என்றவர், சமையலறையிலிருந்தபடியே ஒரு தேசத்தின் நாட்காட்டியில் ஒரு நாளை எழுதிவிட்டார்.

சந்தை வேட்டையில் பெண்களும் இருந்தார்கள். ஆனி ஓக்லியை எல்லோரும் சர்க்கஸ் மேடையில் சுடும் வீராங்கனையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1860இல் ஒஹையோவில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்தவர். அநாதை விடுதி, பிறகு அடித்துச் சித்திரவதை செய்த ஒரு வீட்டில் வேலை. ஓநாய்கள் என்று மட்டுமே அந்த வீட்டாரைக் குறிப்பிட்டார், கடைசிவரை பெயர் சொல்லவில்லை. வீடு திரும்பிய பிறகு காடையும் முயலும் சுட்டுக் கடைக்காரருக்கு விற்றார். இறைச்சியில் ரவை சிதறாமல் தலையில் சுடுவார் என்பதால் அவர் சரக்குக்குத் தனி மதிப்பு. அந்தப் பணத்தில் பதினைந்து வயதில் தாயின் வீட்டு அடமானத்தை மீட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கொன்றதன் விலை தன் கைக்கே வந்து, அதை வைத்துத் தாய்க்கு வீடு மீட்ட பெண்ணை அந்த நூற்றாண்டில் நான் அதிகம் பார்க்கவில்லை. 1898இல் ஸ்பெயினோடு போர் மூளும் நிலையில், ஐம்பது பெண் குறிகாரர்களோடு வருகிறேன் என்று அதிபர் மெக்கின்லிக்கு எழுதினார். ஏற்கப்படவில்லை.

இன்னொருவர் கொலராடோவின் மார்த்தா மேக்ஸ்வெல். தானே சுட்டு, தானே தோலுரித்து, தானே பாடம் செய்த விலங்குகளையும் பறவைகளையும் 1876இல் ஃபிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில், மலையும் பாறையும் நீரோடையுமாக அமைத்து நிறுத்தினார். அதன் மேல் ஒரு பலகை வைத்தார்: பெண்ணின் வேலை. பார்க்க வந்த கூட்டம் நம்பாமல் அவரையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்ததால், அவருடைய தங்கை விடையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமே எழுத வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு அவர் வறுமையில்தான் இறந்தார்.

உயிர்கள் அழிவதைத் தடுக்க எழுந்த கனவான்களின் இயக்கத்தை நாம் குறைத்துச் சொல்ல முடியாது. 1887இல் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் மன்றம், சட்டவிரோத வேட்டைப் பொருளை மாநிலம் கடத்துவதைத் தடுத்த 1900ஆம் ஆண்டு லேசி சட்டம், துப்பாக்கிக்கும் ரவைக்கும் விதித்த வரியைக் காட்டுயிருக்கே திருப்பிய 1937ஆம் ஆண்டுச் சட்டம், இவை இல்லாவிட்டால் இன்று 3 கோடி என்று மதிப்பிடும் மான்கள் இல்லை. ஆனால் அந்தக் கனவான்களின் மொழியைப் பாருங்கள். தங்களுக்கு எதிரியாக அவர்கள் உருவாக்கிய வசைச்சொல்லைத் தமிழில் சொன்னால், சட்டிக்காக வேட்டையாடுபவன். பசிக்கும் விற்பனைக்கும் சுடுபவன் கீழானவன். கொம்புக்கும் விளையாட்டுக்கும் சுடுபவன் மேலானவன். சட்டி யாருடையது? வேட்டையைச் சமையலறையிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் கணத்தில், அதில் பெண்ணுக்கு இருந்த ஒரே அங்கீகரிக்கப்பட்ட இடமும் இழிவாயிற்று. கறுப்பின மக்களும் பூர்வகுடிகளும் ஏழை வெள்ளையர்களும் அதே சொல்லுக்குள்தான் அடைக்கப்பட்டார்கள். பிறகு கொம்பை அங்குலம் அங்குலமாக அளந்து மதிப்பெண் போடும் முறை வந்தது. பிணைக்குக் கொம்பில்லை என்பதால் அது அந்த ஏட்டில் ஏறவே வழியில்லை.

பிணையைச் சுடக்கூடாது என்ற விதி இனம் பெருகுவதற்காக வந்தது. நாளடைவில் அது ஆண்மையின் விதியாகிவிட்டது. 1943இல் விஸ்கான்சினில் மான்கள் அளவுமீறிப் பெருகி, குளிர்காலத்தில் இரையின்றிச் செத்தபோது, பிணைகளையும் சுட அனுமதிக்க வேண்டும் என்றது ஆணையம். அதில் உறுப்பினராக இருந்தவர் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு. சுட்டார்கள், ஊரே கொதித்தது. '43ஆம் ஆண்டுக் குற்றம்' என்று பெயரும் வைத்தார்கள். பட்டினியில் சாகும் பிணை யார் மனத்தையும் உறுத்தவில்லை. அதைச் சுட்ட ஆண்தான் தலைகுனிய வேண்டியவன். லியோபோல்டின் மனைவி எஸ்டெல்லா மாநில வில்வித்தைப் போட்டிகளில் வென்றவர். கணவரோடு வில்லெடுத்துக் காட்டுக்குப் போனவர். வீட்டுக்குள் இப்படி ஒரு வேட்டைத்துணை இருந்ததை அந்தப் பெரிய மனிதரின் புகழுரைகளில் அடிக்குறிப்பாகத்தான் காண்கிறோம்.

விஸ்கான்சினில் துப்பாக்கி மான் வேட்டை ஒன்பது நாள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். பென்சில்வேனியாவில் பல ஆண்டுகள் அந்தப் பண்டிகைக்கு அடுத்த திங்கள்கிழமை வேட்டை தொடங்கியது. பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. ஆண்கள் காட்டுக் குடிலில் கூடுவார்கள். தாத்தா, மாமன், மச்சான், பள்ளித்தோழன், பன்னிரண்டு வயதுப் பையன். சீட்டாட்டம், பீர், பழைய கதை. வீட்டில் மிஞ்சிய மனைவிக்கு ஒரு பெயர் உண்டு: மான் விதவை. கேலியாகத்தான் சொல்கிறார்கள். அந்த வாரக்கடைசியில் மான் விதவைகளுக்கென்றே கடைகள் தள்ளுபடி விற்பனை வைக்கின்றன. உயிரோடிருக்கும் கணவனுக்கு விதவை! நம் மொழியில் இந்தச் சொல்லைக் கேலியாகச் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. அதன் சுமை தெரிந்த மொழி இது.

வசந்தத்தில் நடக்கும் வான்கோழி வேட்டையோ வேறு மாதிரி. அங்கே சுட அனுமதி சேவலுக்கு. இணை சேரும் காலம் உச்சம் தாண்டிய பிறகு பருவத்தைத் திறப்பார்கள். முட்டையிட்டு, நான்கு வாரம் அடைகாத்து, குஞ்சு வளர்ப்பதெல்லாம் பெட்டை தனியாகச் செய்வது, சேவல் போனால் குடும்பத்துக்கு நஷ்டமில்லை என்பது கணக்கு. சேவலை எப்படிக் கிட்டே வரவைப்பது? பெட்டையைப் போலக் கூப்பிட வேண்டும். விடியுமுன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, தாடி வைத்த ஆண்கள் பெட்டைக்குரலில் கூவுகிறார்கள். அதில் பழைய கருவி, பெட்டை வான்கோழியின் இறக்கை எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்தது. உதட்டில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் குரல் வரும். பூர்வகுடிகளிடமிருந்து கற்றது. இயற்கையில் சேவல் கூவும், பெட்டை தேடிப் போகும். வேட்டைக்காரன் அதைத் தலைகீழாக்கப் பார்க்கிறான். அதனால்தான் சேவல் சந்தேகப்பட்டு நின்றுவிடுகிறது என்கிறார்கள். பெண்குரலை இத்தனை நுட்பமாகக் கேட்டுப் பழகும் ஆண்களை வேறெங்கும் காண்பது அரிது.

சட்டத்தில் பல மாநிலங்கள் சேவல் என்று எழுதுவதில்லை, தாடியுள்ள பறவை என்கின்றன. மார்பில் மயிர்க்கற்றை தொங்கும் பறவை. பெட்டைகளிலும் சிலவற்றுக்குத் தாடி உண்டு. அந்தப் பெட்டைகளைச் சுட்டால் சட்டப்படி குற்றமில்லை.

மனிதனை மனிதனாக்கியதே ஆணின் வேட்டைதான் என்று 1966இல் சிகாகோவில் மானிடவியலாளர்கள் ஒரு கருத்தரங்கே கூட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சாலி ஸ்லோகம் அந்தக் கோட்பாட்டின் ஆண்சார்பைப் பிரித்துக் காட்டினார். 2020இல் பெரு நாட்டு மலைகளில் 9,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு புதைகுழி பற்றிய ஆய்வு வெளிவந்தது. பெரிய விலங்கை வேட்டையாடும் கல்முனைகளும் தோல் சுரண்டும் கருவிகளும் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தன. எலும்புகள் பதின்வயது முடியாத ஒரு பெண்ணுடையவை. எய்யும் கருவியும் சுரண்டும் கருவியும் ஒரே பையில்.

இன்றைய பெண்கள் திரும்பிவந்த வழி ஆராய்ச்சியால் வந்ததல்ல. 1990இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகத்தில் பேராசிரியர் கிறிஸ்டீன் தாமஸ், பெண்கள் ஏன் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருவதில்லை என்று கேட்டார். கிடைத்த விடைகளில் பெரும்பகுதி, சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது. அப்பா மகனைத்தான் கூட்டிப்போனார். கணவன் சொல்லிக்கொடுத்தால் சண்டையில் முடிந்தது. (கார் ஓட்டக் கணவனிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1991இல் பெண்களுக்கென்று மூன்று நாள் முகாம் தொடங்கியது. துப்பாக்கி பிடிப்பது, வான்கோழி போலக் கூவுவது, மானின் குடலை எடுத்துச் சுத்தம் செய்வது, எல்லாம் தோழிகளோடு. வட அமெரிக்கா முழுக்க அது பரவியது. 2016ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பில் சுமார் 1 கோடியே 15 லட்சம் வேட்டைக்காரர்கள். பத்தில் ஒருவர் பெண்.

இதைப் பெண்விடுதலை என்று சொல்லலாமா? பெண்ணியத்துக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. இறைச்சியும் ஆணாதிக்கமும் ஒரே கத்தியின் இரண்டு பக்கம் என்று கேரல் ஆடம்ஸ் 1990இல் எழுதினார். பெண் கொல்ல மாட்டாள், இயற்கையோடு இயற்கையாக இருப்பாள் என்பது ஆண் நமக்குத் தைத்துக் கொடுத்த இன்னொரு உடை என்று, தானே மான் வேட்டையாடிய பேராசிரியர் மேரி சைஸ் ஸ்டேன்ஜ் 1997இல் பதில் சொன்னார். என் மனம் ஸ்டேன்ஜ் பக்கம்தான் சாய்கிறது. சாந்தத்தை நம் இயல்பு என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாக் கதவையும் சாத்தினார்கள். ஆனால் துப்பாக்கி விற்பவர்களின் உற்சாகம் எனக்கு நல்லதாகப் படவில்லை. 2016இல் விஸ்கான்சின் சட்டமன்றம், காட்டில் பளிச்சென்று தெரியவேண்டி அணியும் ஆரஞ்சுக்குப் பதிலாகக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பும் அணியலாம் என்று சட்டம் செய்தது. பெண்கள் வருவார்களாம். பெண் வேட்டைக்காரர்கள் பலரே அதை அவமானம் என்றார்கள்.

அவர்கள் பேசுவது வேறு விஷயங்களை. அமெரிக்காவில் சுட்ட மானுக்கு உரிமத்தோடு வரும் சீட்டைப் பயன்படுத்த வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு மான். தன் சீட்டு தீர்ந்த பிறகும் சுட ஆசைப்படும் கணவன், காட்டுப்பக்கமே போகாத மனைவி பேரில் உரிமம் வாங்கிவைத்து, தான் சுட்ட மானுக்கு அவள் சீட்டைக் கட்டுவது வனக்காவலர்கள் பிடித்து அபராதம் போடும் பழைய தந்திரம். பிடிபடாதவரை, மாநிலத்தின் உரிமக் கணக்கில் அந்த மனைவியும் ஒரு வேட்டைக்காரி.